பழைய டெஸ்க்டாப்: போனது எஸ்எம்பிஎஸ்ஸா, மதர்போர்டா?

திருமங்கலம் உரக்கடை:
பில் போட ஒரு பழைய கோர் 2 டூவோ மெஷின் வைத்திருக்கிறேன், ஜி31 போர்டு, டிடிஆர்2 ரேம். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் பேரலல் போர்ட்டில் (பழைய காலப் பிரிண்டர் சாக்கெட்) ஓடுவதால்தான் இதை விடவும் முடியவில்லை. கொஞ்ச நாளாகக் காலையில் பட்டனை அமுக்கினால் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. திரும்பத் திரும்ப அமுக்கினால் எப்படியோ கிளம்பும், கிளம்பிவிட்டால் கடை அடைக்கிற வரைக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது. ரேமை ரப்பரால் தேய்த்துப் போட்டாயிற்று. சர்வீஸ் கடையில், எஸ்எம்பிஎஸ்ஸை (போர்டுக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை டப்பா) தனியாக ஆன் செய்ய அதன் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் சேர்த்தார்கள், ஃபேன் ஓடியது, "எஸ்எம்பிஎஸ் ஓகே, போர்டுதான் போச்சு, புது சிஸ்டம் வாங்கிடுங்க" என்று முடித்துவிட்டார்கள். அவ்வளவுதானா?

மேலூர்க்காரன்:
அண்ணே, அவசரப்பட்டு எதையும் வாங்காதீர்கள். அந்த ஃபேன் பத்து வோல்ட் வந்தாலே சுற்றும், அதை வைத்து எஸ்எம்பிஎஸ் நல்லது என்று எப்படிச் சொல்வது? லோடே இல்லாமல், அதாவது போர்டு எதையும் மாட்டாமல் பார்த்த டெஸ்ட் அது. காலையில் முரண்டு பிடித்து, சூடானபின் ஒழுங்காக ஓடுகிறது என்றால் எனக்கு எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் (கரண்ட்டைச் சேர்த்து வைத்துச் சீராக்கும் சின்ன உருளை) மேல்தான் சந்தேகம். உள்ளே இருக்கும் திரவம் காய்ந்துபோன கெப்பாசிட்டர்கள் குளிர்ந்திருக்கும்போது சரியாக வேலை செய்யாது, சூடு ஏறினால் கொஞ்சம் தேறும்.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். காலையில் பிளக்கைப் போட்டு, பட்டனை அமுக்காமல், ஊதா வயருக்கும் கறுப்புக்கும் நடுவில் பாருங்கள். 4.75இலிருந்து 5.25க்குள் இருக்க வேண்டும். அப்புறம் எல்லாம் மாட்டியபடியே ஆன் செய்து, போர்டில் மாட்டியிருக்கும் 24 பின் கனெக்டரின் பின்பக்கமாக மீட்டர் கம்பியை விட்டு மஞ்சள் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பு 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சு 3.14 முதல் 3.47 வரை இருக்கிறதா பாருங்கள். சாம்பல் வயர் பவர் குட், அதாவது கரண்ட் சரியாக இருக்கிறது என்று போர்டுக்குச் சொல்வது, அதில் சுமார் 5 வோல்ட் வராவிட்டால் போர்டு கிளம்பாது.

பழங்காநத்தம் ரிப்பேர்:
மேலூர்த் தம்பி சொல்வது சரி, ஆனால் போர்டை அதற்குள் விட்டுவிடாதீர்கள். பிராசசர் சாக்கெட்டைச் சுற்றியிருக்கும் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா, உப்பியிருக்கிறதா, அடியில் பழுப்புக் கறை தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ரேமைக் கழற்றிவிட்டு ஆன் செய்தால் ஸ்பீக்கரில் பீப் வருகிறதா? வந்தால் பிராசசருக்கும் போர்டுக்கும் உயிர் இருக்கிறது (பல கேபினெட்டில் ஸ்பீக்கரே இருக்காது, அது வேற கதை). சீமாஸ் செல்லை (போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி) மாற்று என்று யாராவது கட்டாயம் வருவார்கள், மெஷினுக்குத் தேதி மறந்துபோனால் மட்டும் மாற்றுங்கள்.

எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் திறக்க வேண்டாம். உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

திருமங்கலம் உரக்கடை:
காலையில் ஊதா 4.3தான் காட்டியது. பிளக்கைப் போட்டு அப்படியே விட்டேன், மெல்ல ஏறி 4.7 வந்ததும் முதல் அமுக்கிலேயே கிளம்பிவிட்டது! போர்டில் எல்லாக் கெப்பாசிட்டரும் தட்டைதான். மச்சான் வீட்டு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்த்தேன், மறுநாள் காலையிலும் பிரச்சினை இல்லை.

மேலூர்க்காரன்:
அப்போ எஸ்எம்பிஎஸ்தான் அண்ணே. ஊதா வயர் ஸ்டாண்ட்பை லைன், மெஷின் ஆஃபில் இருந்தாலும் கரண்ட் வரும், பிளக் இருக்கிற வரைக்கும் ராத்திரி பகல் ஓடிக்கொண்டே இருப்பதால் அந்தப் பக்கக் கெப்பாசிட்டர் முதலில் காய்வது சகஜம். இனிமேல் கடை அடைக்கும்போது சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள்.

டவுன்ஹால் ரோட்டில் போய்க் கேட்டால் 450 வாட்ஸ் என்று லேபிள் ஒட்டியதை எடுத்து நீட்டுவார்கள். வாட்ஸை நம்பாமல் 12 வோல்ட் லைனுக்கு எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று படியுங்கள், கையில் தூக்கியும் பாருங்கள், தக்கை மாதிரி இருந்தால் வேண்டாம். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத உங்கள் மெஷினுக்கு 200 வாட்ஸே தாராளம். இன்னொன்று, உரத்தூள் ஈரத்தை இழுக்கும், போர்டில் படிந்தால் அரித்துவிடும், கேபினெட்டை மூட்டைகளுக்குப் பக்கத்தில் தரையில் வைக்காதீர்கள்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸைக் காயலான் கடைக்குப் போட வேண்டாம் அண்ணே, இந்தப் பக்கம் வந்தால் கொடுங்கள், 105 டிகிரி சூடு தாங்கும் கெப்பாசிட்டர் போட்டுப் பார்க்கிறேன்.