வேட்டைக்கு எந்த முதுகுப்பை? ஒருநாள் நடைக்கும் மூன்று இரவுக்கும் ஒரே பை போதுமா?

வெள்ளவத்தை_ஒழுங்கை:

எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரலில் அக்கா வீட்டுக்கு நியூசிலாந்து போகிறேன். அத்தான் பதினைந்து வருடமாகக் கிறைஸ்ட்சேர்ச்சில் இருக்கிறார், துவக்கு லைசென்ஸ் எடுத்து முறையாக மான் வேட்டைக்குப் போகிறவர். இந்த முறை என்னையும் கூப்பிட்டிருக்கிறார். காலையில் போய் இருட்டுக்கு முன் திரும்பும் வேட்டை இரண்டு, அப்புறம் மலைக்குடிலில் மூன்று இரவு தங்கி ஒன்று. நான் துவக்கைத் தொடப் போவதில்லை. கூட நடப்பது, சமைப்பது, மான் கிடைத்தால் இறைச்சியில் பாதியைச் சுமப்பது, இதுதான் என் பங்கு. இங்கே மானும் மரையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, இலங்கையில் வேட்டையாடுவதைப் பற்றி நான் கேட்கவில்லை.

படுக்கைப் பை, மழைச்சட்டை எல்லாம் அத்தான் தருவார். "முதுகுப்பை மட்டும் நீயே போட்டுப் பார்த்து வாங்கிக்கொண்டு வா, அது இரவல் வாங்கும் சாமான் இல்லை" என்று சொல்லிவிட்டார். அது சரியென்றுதான் எனக்கும் படுகிறது. போன வருடம் இரவல் பையோடு சிவனொளிபாதமலை ஏறினேன். உள்ளே எட்டுக் கிலோகூட இருக்காது. இறங்கும்போது இடது கை விரல்கள் மரத்துப் போய்விட்டன, தண்ணீர்ப் போத்தல் மூடியைத் திறக்க முடியவில்லை.

புறக்கோட்டையில் மூன்று கடை ஏறி இறங்கினேன். எல்லோரும் 80 லீட்டர் பையைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். நான் ஐந்தடி ஐந்து அங்குலம், 62 கிலோ. எதைப் பார்த்து வாங்குவது?

தெஹிவளை_பழையதடம்:

தம்பி, லீட்டரைக் கடைசியில் பாருங்கள். முதலில் முதுகை அளவெடுக்க வேண்டும். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும், அது மேல் புள்ளி. இரண்டு கையையும் இடுப்பெலும்பின் மேல் வைத்து, பெருவிரல்களைப் பின்னால் முதுகெலும்பை நோக்கி நீட்டுங்கள். இரண்டு விரலுக்கும் நடுவே கோடு போட்டால் அது கீழ்ப் புள்ளி. தையல் நாடாவை முதுகெலும்போடு ஒட்டிப் பிடித்து வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். உயரமும் இதுவும் ஒன்றில்லை. என்னைவிட நாலு அங்குலம் உயரமான நண்பருக்கு முதுகு என்னுடையதைவிடக் குட்டை, கால்தான் நீளம்.

உங்கள் விரல் மரத்ததற்குக் காரணம் பாரம் முழுவதும் தோளில் தொங்கியது. நல்ல பையில் பாரத்தின் பெரும்பங்கு இடுப்புப் பட்டியில் உட்கார வேண்டும். அந்தப் பட்டி வயிற்றைச் சுற்றி இருக்கக் கூடாது, இடுப்பெலும்பின் மேல் விளிம்பைக் கவ்விப் பிடிக்க வேண்டும். தோள்பட்டி பையை முதுகோடு சேர்த்து வைத்திருந்தால் போதும்.

அப்புறம் ஃபிரேம், அதாவது பையை முதுகுப் பக்கம் விறைப்பாகத் தாங்கும் சட்டம். மலை நடைப் பைக்கும் வேட்டைப் பைக்கும் வித்தியாசம் இங்கேதான். நடை போகிறவரின் பை நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். வேட்டைக்காரரின் பை கடைசி நாளில்தான் உச்சப் பாரத்துக்கு வரும், அதுவும் களைத்த காலுக்கு. நான் நியூசிலாந்தின் ஒட்டாகோவில் பதினொரு வருடம் இருந்தேன். முதல் வேட்டைக்கு ஃபிரேம் இல்லாத 70 லீட்டர் பை ஒன்றோடு போனேன். கூட வந்தவர் சுட்ட பெண்மானை எலும்பு நீக்கி இரண்டு பேர் பிரித்துக்கொண்டோம். என் பங்கு பதினாலு கிலோதான். ஆனால் பச்சை இறைச்சி அரிசி மாதிரி வைத்த இடத்தில் நிற்காது. ஒவ்வொரு அடிக்கும் வழுகிக் கீழே இறங்கி, பையின் அடியில் ஒரு உருண்டையாகத் திரண்டு, என்னைப் பின்பக்கமாக இழுத்தது. ஆற்றங்கரைக் கல்லில் இரண்டு முறை மல்லாக்க விழுந்தேன். ஐந்து மணி நேரம் நடந்து வண்டிக்கு வந்தபோது நாரியைச் சுற்றித் தோல் உரிந்திருந்தது.

அதனால்தான் வேட்டைப் பைகளில் ஃபிரேமுக்கும் பைக்கும் நடுவே ஒரு இடம் திறக்கும். மிஸ்டரி ரேஞ்ச், ஸ்டோன் கிளேசியர் போன்ற கம்பனிகள் செய்யும் வேட்டைப் பைகளில் இது உண்டு. இறைச்சியைத் துணிப்பையில் கட்டி அந்த இடைவெளியில், தோள்பட்டை எலும்பு உயரத்தில், முதுகுக்கு நெருக்கமாக வைத்து இறுக்கிவிட்டால் அசையாது. உடுப்பிலும் இரத்தம் படாது. துணிப்பை என்று சொல்வதைக் கவனியுங்கள், பொலித்தீனில் கட்டினால் இறைச்சிச் சூடு வெளியே போகாமல் பழுதாகிவிடும்.

இப்போது லீட்டர். அங்கே இயற்கைப் பாதுகாப்புத் திணைக்களத்தின் மலைக்குடில்களில் பெரும்பாலும் மெத்தை இருக்கும். கூடாரம், பாய் வேண்டாம். ஆகவே மூன்று இரவுக்கு 60 முதல் 65 லீட்டர் தாராளம். 80 வாங்கினால் இடம் இருக்கிறதே என்று நிரப்பிவிடுவீர்கள். ஒருநாள் வேட்டைக்கு 30 லீட்டர் போதும், ஆனால் அதற்கென்று இன்னொன்று வாங்கச் சொல்ல மாட்டேன். பக்கப் பட்டிகளால் இறுக்கிச் சுருக்கக்கூடிய ஒரே பை வாங்குங்கள். ஒருநாள் வேட்டையிலும் மான் விழுந்தால் சுமக்க வேண்டியது அதே இறைச்சிதான்.

கடையில் வெறும் பையைத் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்க வேண்டாம். பாரம் வைத்துப் பாருங்கள்.

புறக்கோட்டை_தையல்:

அண்ணை சொன்னதோடு ஒரு விசயம். நான் இருபது வருடமாகப் பை தைக்கிறேன், திருத்துகிறேன். என்னிடம் வரும் பைகளில் துணி கிழிந்து வருவது மிகக் குறைவு. தோள்பட்டியின் மேல் அடி பிடுங்கிக்கொண்டு வரும், அல்லது சிப் போயிருக்கும், அல்லது இடுப்புக் கொக்கி உடைந்திருக்கும். ஆகவே கடையில் பையைத் திருப்பி, தோள்பட்டி உடம்போடு சேரும் இடத்தைப் பாருங்கள். நெருக்கமாக, குறுக்கே அடர்ந்து ஓடும் கட்டைத் தையல் இருக்க வேண்டும். ஒற்றை நேர்த்தையல் மட்டும் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். உள்ளே தையல் விளிம்புக்கு நாடா பிடித்திருக்கிறார்களா என்று விரலை விட்டுத் தடவுங்கள். நூல் பிசிறு கையில் வந்தால், பாரம் ஏறும்போது துணி அங்கேதான் விடும்.

துணி என்றால் 500 டெனியர் கோர்டுரா உங்களுக்குப் போதும். கோர்டுரா என்பது உறுதியான நைலோன் துணி, டெனியர் அதன் நூலின் தடிப்பைச் சொல்லும் அளவு. 1000 உறுதிதான், ஆனால் பாரம். இடுப்புக் கொக்கி ஒன்றை மேலதிகமாகக் கொண்டு போங்கள். தைக்காமல் மாட்டக்கூடிய கொக்கிகள் இருக்கின்றன, குடிலில் இருந்தே மாட்டலாம்.

நக்கிள்ஸ்_நடை:

நான் வேட்டைக்குப் போனவள் இல்லை, மழையில் நடந்தவள். பைக்கு மேலே போடும் மழையுறையை நம்ப வேண்டாம். முதுகுப் பக்கத்தால் தண்ணீர் வழிந்து இறங்கும், பற்றையில் மாட்டிக் கிழியும், சரசரவென்று சத்தமும் போடும். பைக்கு உள்ளே தடித்த பொலித்தீன் பை ஒன்றை விரித்து, படுக்கைப் பையையும் மாற்றுடுப்பையும் அதில் போட்டு முறுக்கிக் கட்டிவிடுங்கள். மீமுரேயில் ஒரு இரவு முழுக்க நனைந்தும் என் கம்பளிச் சட்டை காய்ந்தே இருந்தது இதனால்தான்.

ஒரே பை என்பதில் அண்ணாவோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. இரண்டு கிலோவுக்கு மேல் உள்ள வெறும் பையை ஒருநாள் நடைக்குத் தூக்குவது சின்ன உடம்புக்கு வீண் பாரம். அத்தானிடம் சின்னப் பை ஒன்று இருந்தால், மான் கிடைக்கும்வரை பெரிய பையை வண்டியிலேயே விடலாமே?

தெஹிவளை_பழையதடம்:

தங்கச்சி, வண்டி பக்கத்தில் நின்றால் நீங்கள் சொல்வது நல்ல வழி. மூன்று மணி நேரம் தள்ளி நின்றால் போய்த் திரும்பி வருவதற்குள் இருட்டிவிடும். எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று அத்தானிடம் கேட்டு முடிவெடுக்கட்டும். உள்ளே பொலித்தீன் விரிப்பது, நூற்றுக்கு நூறு சரி.

தம்பி, இரண்டு விசயம் விட்டுவிட்டேன். நிறத்தில் கருமையைத் தேடாதீர்கள். மானுக்குச் செம்மஞ்சள் நிறம் நமக்குத் தெரிவது போலத் தெரியாது, மற்ற வேட்டைக்காரருக்கு நன்றாகத் தெரியும். ஏப்ரல் ஆண்மான் கத்தித் திரியும் காலம், காட்டில் வேறு ஆட்களும் இருப்பார்கள். பை இருண்ட நிறமாக இருந்தால் செம்மஞ்சள் துணி ஒன்றை மேலே கட்டுங்கள். கொம்பைப் பையில் கட்டி இறங்குவதானால் அதை அந்தத் துணியால் மூடாமல் ஒரு அடிகூட நடக்க வேண்டாம்.

மற்றது விமான நிலையம். பாவித்த பை, சப்பாத்து எதுவானாலும் நுழைவுப் படிவத்தில் சொல்ல வேண்டும். மண், விதை, புல் ஒட்டியிருக்கக் கூடாது. சொல்லாமல் பிடிபட்டால் 400 நியூசிலாந்து டொலர் அபராதம். அந்த நாட்டுக்கு வௌவாலைத் தவிர சொந்தத் தரைப் பாலூட்டி கிடையாது. நீங்கள் தேடிப் போகும் மானே வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டது, இன்று காட்டைத் தின்கிறது. அவர்கள் ஒரு விதைக்கும் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பழைய பல்விளக்கியால் பட்டி மடிப்புகளையும் சிப் பல்லையும் தேய்த்துவிடுங்கள்.

வெள்ளவத்தை_ஒழுங்கை:

எல்லோருக்கும் நன்றி. அம்மா அளந்தார், 44 சென்டிமீட்டர். இரவல் பையின் முதுகையும் அளந்து பார்த்தேன், 52. இடுப்புப் பட்டி ஏன் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தது என்பது இப்போதுதான் விளங்கியது.

முதுகு நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய, நடுவே இறைச்சி வைக்கும் இடமுள்ள 65 லீட்டர் பை ஒன்று, பாவித்தது, கனடாவிலிருந்து வந்த ஒருவரிடம் வாங்கினேன். தையல் அண்ணா சொன்ன இடங்களைத் தடவிப் பார்த்துத்தான் எடுத்தேன். பல்விளக்கி வேலை முடிந்தது, பட்டி மடிப்பிலிருந்து ஒரு பிடி மணல் வந்தது.

நேற்று ஐந்து கிலோ சம்பா அரிசிப் பக்கெட் மூன்றைத் துவாயில் சுற்றி நடு இடத்தில் இறுக்கி, எங்கள் மாடிப்படி ஐந்து தட்டும் பத்துத் தரம் ஏறி இறங்கினேன். விரல் மரக்கவில்லை. இடுப்பெலும்பில் மட்டும் இடப்பக்கம் சிவந்திருக்கிறது. வருகிற சனிக்கிழமை அதே பாரத்தோடு நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலை ஏறப் போகிறேன்.

தெஹிவளை_பழையதடம்:

ஒரு பக்கம் மட்டும் சிவந்தால் பட்டி சரிந்து நிற்கிறது. தோள்பட்டி இரண்டையும் முழுக்கத் தளர்த்தி, இடுப்புக் கொக்கியை முதலில் பூட்டி, பிறகு தோளை இறுக்குங்கள். இறங்கும்போது கம்பு இரண்டு வைத்திருங்கள். மலையில் ஏறுவதைவிடப் பாரத்தோடு இறங்குவதுதான் முழங்காலைப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள்.