தாமதிப்பது நியூட்ரானா, பீட்டாவா?

வணக்கம்.

சில கருக்கள் பீட்டாச் சிதைவுற்ற பின் (உள்ளே ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி எலக்ட்ரானை உமிழ்வது), பிறக்கும் மகள் கரு ஒரு நியூட்ரானை விட்டுவிடும். ஆங்கிலத்தில் 'beta-delayed neutron emission' எனும் இதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். அணு உலைக் கட்டுரைகளில் வரும் 'தாமத நியூட்ரான்' என்பதையே நீட்டி, 'பீட்டாத் தாமத நியூட்ரான் உமிழ்வு' என்று வைத்துக்கொள்ளலாம் என இந்த உரையாடலில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார்கள். எனக்கு அந்தத் 'தாமத' உறுத்துகிறது.

புரோமின்-87ஐப் பாருங்கள். அரை ஆயுள் ஏறக்குறைய 56 நொடி. பீட்டாச் சிதைவில் அது கிரிப்டான்-87 ஆகிறது. கிடைக்கும் ஆற்றல் 6.8 எம்.இ.வி. (மில்லியன் எலக்ட்ரான்வோல்ட், கருவின் ஆற்றலை அளக்கும் அலகு). கிரிப்டான்-87இல் 51 நியூட்ரான்கள். கருவுக்குள் நியூட்ரான்கள் கூடு கூடாக நிரம்பும்; ஐம்பதோடு ஒரு கூடு நிறைந்துவிடுவதால், கடைசி ஆள் திண்ணையில் உட்கார்ந்திருப்பது போலத்தான். 5.5 எம்.இ.வி. கொடுத்தால் எழுந்து போய்விடும். நூறு சிதைவில் இரண்டு மூன்றில், கிரிப்டான் கரு அந்த அளவையும் தாண்டிக் கிளர்ந்த (கூடுதல் ஆற்றல் கொண்ட) நிலையில் பிறந்து நியூட்ரானை விட்டுவிடுகிறது. அதற்கு நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்குகூட ஆவதில்லை. காத்திருந்ததெல்லாம் பீட்டாதான், பழி நியூட்ரான் மேல்!

உலைக்காரர்கள் 'தாமத' என்பதில் தப்பில்லை. அவர்களுக்குக் கணக்கு அணுக்கருப் பிளவிலிருந்து தொடங்குகிறது. யுரேனியம்-235 பிளவில் வரும் நியூட்ரான்களில் இப்படிப் பிந்தி வருபவை 0.65 விழுக்காடுதான், உலையை நிதானமாகக் கட்டுப்படுத்த முடிவதே அந்தச் சொற்பத்தால். 1939இல் வாஷிங்டனில் இயற்பியலாளர் ராபர்ட்ஸும் கூட்டாளிகளும் முதலில் கண்டதும் பிளவுக்குப் பிந்திய நியூட்ரான்களைத்தான். ஆனால் லித்தியம்-11இல் பிளவு ஏது? அரை ஆயுளே 9 மில்லிநொடிக்குள். அங்கே எதற்குத் தாமதம் என்று கேட்டால் பதில் இல்லை.

அதனால் இரண்டு சொல் வேண்டும் என்பேன். உலைக்குப் 'பிந்து நியூட்ரான்'. ஊறுகாய் போல வினைத்தொகை. கருவியலுக்குப் 'பீட்டாப்பின் நியூட்ரான் உமிழ்வு'. லித்தியம்-11 சில வேளை இரண்டு, மூன்று நியூட்ரான்களையும் விடும். 'பீட்டாப்பின் இருநியூட்ரான் உமிழ்வு' என்று தடையில்லாமல் நீளும். நியூட்ரான் இருக்கும் இடத்தில் புரோட்டானைப் போட்டாலும் சொல் நிற்கும். (நியூட்ரானைத் தமிழில் நொதுமி என்றே எழுதலாமே என்பவர்களுக்கு: எழுதலாம், சண்டை வேண்டாம்.)

அப்புறம், புரோமின்-87ஐத் 'தாய்க்கரு' என்று போட்டிருக்கிறோம். நியூட்ரானை விடுவது மகளான கிரிப்டான். நியூட்ரானுக்குப் புரோமின் பாட்டி முறை. தாய் என்றால் அதுவே உமிழ்வதாகப் படிக்கத் தோன்றும். 'முன்கரு' என்று எழுதிப் பார்த்தேன், அதுவும் முழுதாக ஒட்டவில்லை. வேறு சொல் தோன்றினால் சொல்லுங்கள்.