விற்பனை என்றால் எந்த விற்பனை? வணிக நுண்ணறிவோடு பழகிய பெங்களூர்வாசிகளின் அனுபவங்கள்

பீன்யா, கணக்குப் பிரிவு

அனைவருக்கும் வணக்கம். அண்மையில் வேலைக்கு ஆள் எடுக்கும் ஒரு நேர்காணலில் அமர்ந்திருந்தேன். ‘வணிக நுண்ணறிவு, அதாவது பிசினஸ் இன்டெலிஜென்ஸ், என்றால் என்ன?’ என்று கேட்டபோது, வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் பவர் பிஐ, டேப்லோ என்று மென்பொருள்களின் பெயர்களைச் சொன்னார்கள். சமையல் என்றால் என்ன என்று கேட்டதற்குக் குக்கரின் பெயரைச் சொன்னது போல இருந்தது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 2018க்கு முன் என்னைக் கேட்டிருந்தால் நானும் எக்ஸல் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அந்த ஆண்டு நான் பீன்யா தொழிற்பேட்டையில், பம்பு உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதத்தின் முதல் திங்கட்கிழமை முதலாளி முன்னிலையில் கூட்டம் நடக்கும். சென்ற மாத விற்பனை எவ்வளவு என்று அவர் கேட்டால், விற்பனை மேலாளர் ஒரு தொகை சொல்வார், நான் வேறொன்று சொல்வேன், சரக்கை அனுப்பிவைக்கும் டிஸ்பேட்ச் பொறுப்பாளர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார். மூவரில் யாரும் பொய் சொல்லவில்லை. பர்ச்சேஸ் ஆர்டர் கைக்கு வந்த நாளையே விற்பனை மேலாளர் விற்பனை நாளாகக் கொண்டார். நான் இன்வாய்ஸ் தேதியைக் கொண்டேன். டிஸ்பேட்ச்காரருக்கோ லாரி கேட்டைத் தாண்டினால்தான் விற்பனை. போதாக்குறைக்கு என் தொகையில் ஜிஎஸ்டி சேர்ந்திருந்தது, மற்ற இருவருடையதிலும் இல்லை. எந்த எண் சரி என்ற வாதத்திலேயே மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். அந்த எண்ணை வைத்து என்ன செய்வது என்ற பேச்சு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும்.

இதைச் சரிசெய்ய, ஓசூரிலிருந்து தினமும் வந்துபோன ஓர் ஆலோசகரை அமர்த்தினார்கள். அந்த அம்மையார் முதல் மூன்று வாரம் கணினியைத் திறக்கவே இல்லை. ஒவ்வொரு பிரிவிலும் உட்கார்ந்து, ‘விற்பனை என்று எதைச் சொல்கிறீர்கள், தாமதம் என்று எதைச் சொல்கிறீர்கள், ஒரே குழுமத்தின் இரண்டு ஆலைகள் ஒரு வாடிக்கையாளரா, இருவரா?’ என்று கேட்டு நோட்டுப்புத்தகத்தில் எழுதினார். இதற்கா இவ்வளவு சம்பளம் என்று நாங்கள் முணுமுணுத்தோம். கடைசியில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே பொருள் எழுதிய இரண்டு பக்கத் தாளில் முதலாளியிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான், டேலி என்ற கணக்கு மென்பொருளிலிருந்தும் கேட் பாஸ் பதிவேட்டிலிருந்தும் தரவை எடுத்து, எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்துவைக்கும் தரவுக் கிடங்கு அமைக்கத் தொடங்கினார்.

அதன் பின் வெளிவந்த செய்தி எங்களைத் திடுக்கிட வைத்தது. ஆண்டு வியாபாரத்தில் முதலிடத்தில் இருந்த வாடிக்கையாளரின் கணக்கில், திரும்பி வந்த சரக்கு, நாங்களே ஏற்ற லாரி வாடகை, நூறு நாளைத் தாண்டிய கடனுக்கு வங்கியில் நாங்கள் கட்டிய வட்டி எல்லாவற்றையும் கழித்தால் கையில் மிஞ்சியது மிகக் குறைவு. இவையெல்லாம் நான்கு பதிவேடுகளில் துண்டு துண்டாக எப்போதும் இருந்தவைதான். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க எங்களுக்கு வழியில்லாமல் இருந்தது, அவ்வளவே. முதலாளி அந்த வாடிக்கையாளரைக் கைவிடவில்லை. லாரி வாடகையையும் கடன் தவணையையும் பற்றி மீண்டும் பேசி ஒப்பந்தத்தை மாற்றினார்.

ஆகவே நான் சொல்லும் வரையறை இது: அன்றாட வேலையில் நிறுவனம் தானாகவே விட்டுச்செல்லும் பதிவுகளை ஓரிடத்தில் திரட்டி, எல்லோரும் ஒப்புக்கொண்ட பொருளில் எண்ணி, முடிவெடுப்பவருக்கு அவர் முடிவெடுக்கும் நேரத்துக்கு முன்பே காட்டும் ஏற்பாடு. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

கோரமங்களா, மளிகைக் கடைகளின் தலைமை அலுவலகம்

ஐயா, ஒப்புக்கொண்ட பொருளில் எண்ணிய பிறகும் தவறு நேரும் என்பதற்கு எங்கள் அனுபவம் சான்று.

எண்களை ஒரே திரையில் காட்டும் எங்கள் டேஷ்போர்டு இந்த ஆண்டின் ஒரு மாதத்தைச் சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடும். குறைந்திருந்தால் சிவப்பு, கூடியிருந்தால் பச்சை. 2023 அக்டோபர் முடிந்ததும் ஏறக்குறைய எல்லாக் கடைகளும் சிவப்பாக நின்றன. கடலை மாவு, எண்ணெய், முந்திரி, சர்க்கரை எல்லாம் சரிந்திருந்தன. ஹலசூரு கடையின் மேலாளரை அழைத்து விளக்கம் கேட்டார்கள். அவர் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். நிதானமாக, ‘தீபாவளி இன்னும் வரவில்லையே, சார்’ என்றார். 2022இல் தீபாவளி அக்டோபர் 24. 2023இல் நவம்பர் 12. பலகாரச் சாமான் வாங்கும் கூட்டம் முழுவதும் நவம்பருக்குப் போயிருந்தது. வீட்டில் தினசரி காலண்டர் தொங்கும் எவருக்கும் தெரிந்த செய்தி, இத்தனை செலவில் அமைத்த தரவுக் கிடங்குக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு எங்கள் நாள்காட்டி அட்டவணையில் ‘பண்டிகைக்கு எத்தனை நாள்’ என்ற ஒரு நெடுவரிசையைச் சேர்த்தோம். இப்போது தீபாவளிக்கு முந்தைய இருபது நாளைச் சென்ற தீபாவளிக்கு முந்தைய இருபது நாளோடுதான் ஒப்பிடுகிறோம். யுகாதிக்கும் இதே ஏற்பாடு. ரம்ஜான் மாதம் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்வதால், சிவாஜிநகர் கடையின் பேரீச்சம்பழக் கணக்கைத் தனியாகப் பார்க்கிறோம். பொங்கல் ஒன்றுதான் எங்களுக்குத் தொல்லை தராத பண்டிகை. அது சூரியக் கணக்கு, ஜனவரி நடுவிலேயே நிற்கும்.

நிறுவனத்தில் இந்தத் துறையின் பங்கு என்ன என்று இப்போது என்னைக் கேட்டால், கடைக்காரருக்குத் தெரிந்ததைத் தலைமை அலுவலகத்துக்குத் தெரியச் செய்வது என்பதையே முதலில் சொல்வேன். நாங்கள் நெடுநாள் இதைத் தலைகீழாகவே செய்துகொண்டிருந்தோம்.

ஒயிட்ஃபீல்டு

என் அனுபவம் சிறியது. எங்கள் குழு நாற்பதுக்கும் மேற்பட்ட அறிக்கைகளைப் பராமரித்து வந்தது. யார் எதைத் திறக்கிறார்கள் என்ற பதிவைப் பார்த்தால், பாதிக்கு மேற்பட்டவற்றை மாதக்கணக்கில் ஒருவரும் தொடவில்லை. அறிவிக்காமலேயே அவற்றை நிறுத்தினேன். ஒரே ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவரும் தமக்கு இனி அந்த மின்னஞ்சல் வராதா என்று மகிழ்ச்சியோடுதான் கேட்டார்.

ஜெயநகர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

சொல்லின் வரலாற்றைப் பற்றி ஒரு குறிப்பு. இளைஞர்கள் இதைப் புதுச்சரக்கு என்று நினைக்கிறார்கள். 1865இலேயே அமெரிக்கரான ரிச்சர்டு மில்லர் டெவன்ஸ், போர்ச் செய்திகளைப் பிறருக்கு முன்பே பெற்று லாபம் பார்த்த ஹென்றி ஃபர்னீஸ் என்ற வங்கியாளரைப் பற்றி எழுதும்போது இச்சொல்லைக் கையாண்டிருக்கிறார். 1958இல் ஐபிஎம் ஆய்வாளர் ஹான்ஸ் பீட்டர் லூன், ஆவணங்களைச் சுருக்கி உரியவரிடம் தானாகவே சேர்க்கும் ஓர் அமைப்புக்கு இப்பெயரை இட்டார். இன்றைய பொருளில் 1989இல் பரப்பியவர் ஹோவர்டு டிரெஸ்னர்.

நாங்கள் வங்கியில் இதை எம்ஐஎஸ் (மேலாண்மைத் தகவல் அமைப்பு) என்றோம். மடிப்பு மடிப்பாக வரும் அச்சுத்தாள். அதிலிருந்து கணினித் திரைக்கு மாறியபோது நேர்ந்த ஒரு குழப்பம் இன்னும் நினைவிருக்கிறது. பெரிய வைப்புதாரர் ஒருவர் வீடு மாறியதால் கணக்கை வேறு கிளைக்கு மாற்றிக்கொண்டார். மறுநாள் பார்த்தால், அவருடைய கடந்த ஆண்டு வைப்புகளும் புதிய கிளையின் பெயரில் ஏறிவிட்டன. பழைய கிளை மேலாளரின் சென்ற ஆண்டுச் சாதனை ஒரே இரவில் கரைந்துபோனது. வாடிக்கையாளரின் பழைய கிளையை அழித்துவிட்டுப் புதியதை எழுதியதால் வந்த வினை அது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை அவர் எந்தக் கிளையில் இருந்தார் என்று இரண்டு வரிகளாக வைத்த பிறகே அந்த மேலாளர் எங்களோடு பேசத் தொடங்கினார்.

பீன்யா, கணக்குப் பிரிவு

கோரமங்களா அம்மையாரின் பதிவைப் படித்ததும் இப்போதைய எங்கள் வாராந்திர உற்பத்தி அறிக்கையைத் திறந்து பார்த்தேன். ஆயுத பூஜை 2023இல் அக்டோபர் 23, 2024இல் அக்டோபர் 11. அந்த வாரங்களில் இயந்திரங்களைக் கழுவிப் பொட்டு வைத்து நிறுத்தியிருந்ததை, இரண்டு ஆண்டுகளிலும் ‘காரணம் தெரியாத சரிவு’ என்றே பதிந்து வைத்திருக்கிறோம். நாள்காட்டி அட்டவணையில் சேர்க்கச் சொல்லிவிட்டேன்.