மணிபிளான்ட் இலையைப் பூனை கடித்துவிட்டது: கொடியை வீட்டில் வைத்திருக்கலாமா?

தெம்பனிஸ்வாசி கேட்டது:

வணக்கம். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்க 2024 செப்டம்பரில் அனுமதி வந்த பிறகு, உரிமம் பெற்று, சன்னல்களுக்கு வலை அடித்து, ஒரு வயதுப் பெண்பூனை ஒன்றைத் தத்தெடுத்தோம். என் மாமியார் பன்னிரண்டு ஆண்டுகளாக வளர்க்கும் மணிபிளான்ட் கொடி வரவேற்பறைச் சன்னலைச் சுற்றிப் படர்ந்திருக்கிறது. நேற்று மாலை பூனை அதில் ஓர் இலையைக் கடித்தது. சில நிமிடங்களில் வாயோரம் நுரைத்து எச்சில் வழிந்தது. முன்னங்காலால் வாயைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டது. இலையை எடுத்துப் பார்த்தேன்: நான்கு பல் தடங்கள் இருந்தன, துண்டு எதுவும் குறையவில்லை. இரவுக்குள் எச்சில் நின்றுவிட்டது என்றாலும், இன்று காலை வழக்கமான உணவில் பாதியைத்தான் உண்டது. இந்தச் செடி நஞ்சா? உயரத்தில் மாட்டிவைத்தால் போதுமா? அந்தக் கொடியின் மீது மாமியாருக்கு மிகுந்த பற்று என்பதால், தெளிவாகத் தெரிந்துகொண்டு பேச விரும்புகிறேன்.

ஈசூன் பூனைவீடு எழுதியது:

சகோதரி, நீங்கள் விவரித்த அறிகுறிகள் மணிபிளான்ட்டைக் கடித்த பூனையிடம் காணப்படுபவையே. அந்தச் செடி வாயையும் தொண்டையையும் புண்படுத்தும். உயிரைப் பறிப்பது மிக அரிது. கடித்தவுடன் ஈரத்துணியால் வாயைத் துடைத்து, குடிக்கத் தண்ணீர் வைத்தால் போதும். வாந்தி எடுக்கவைக்க மட்டும் முயலாதீர்கள்; மேலே வரும்போது அதே சாறு தொண்டையை மறுபடியும் புண்ணாக்கும். நாக்கோ தொண்டையோ வீங்கினாலும், மூச்சுவிடச் சிரமப்பட்டாலும், வாந்தி நிற்காவிட்டாலும் உடனே விலங்கு மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். உணவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பூனை ஒரு நாளுக்கு மேல் முற்றிலும் உண்ணாமல் இருந்தால், அது கல்லீரலைப் பாதிக்கக்கூடும். ஆகவே, இன்று இரவும் உங்கள் பூனை சரியாக உண்ணவில்லை என்றால், காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

உயரத்தில் மாட்டுவதை நான் நம்பமாட்டேன். தொங்கும் கொடி காற்றில் அசைந்தால் பூனைக்கு அது விளையாட்டுப் பொருள். அலமாரிமேல் ஏறியாவது பிடித்துவிடும்.

தோட்டக்கார மாமா எழுதியது:

அம்மா, உங்கள் மாமியாரிடம் ஒரு சேனைக்கிழங்கைக் காட்டிப் பேசுங்கள், உடனே புரிந்துகொள்வார். மணிபிளான்ட்டும் சேனையும் சேம்பும் ஒரே குடும்பம். சேனை நறுக்கும்போது கை அரிக்கும் என்று எண்ணெய் தடவிக்கொள்கிறோம். நாக்கு அரிக்காமலிருக்கப் புளி சேர்த்து வேகவைக்கிறோம். அந்த அரிப்புக்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள்தாம் மணிபிளான்ட் இலையிலும் ஊசி ஊசியாகக் கட்டுக்கட்டாக இருக்கின்றன. பல் பட்டவுடன் செல்கள் உடைந்து, அவை ஈறிலும் நாக்கிலும் பாய்ந்து குத்துகின்றன. நாமோ வேகவைத்து உண்கிறோம், பூனை பச்சையாகக் கடிக்கிறது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த டிஃபன்பாக்கியா, அலோகேசியா, கலேடியம், மான்ஸ்டெரா, பிலோடென்ட்ரான், பீஸ் லில்லி ஆகியவற்றையும் பூனையுள்ள வீட்டில் தவிர்த்துவிடலாம். பெயரில் லில்லி இருந்தாலும் பீஸ் லில்லி அசல் லில்லி அன்று. அதுவும் வாயைத்தான் புண்படுத்தும். நான் உண்மையில் அஞ்சுவது, பண்டிகை நாள்களில் பூங்கொத்தாக வீட்டுக்கு வரும் அசல் லில்லிப் பூக்களைப் பற்றித்தான். பூனையின் ரோமத்தில் படிந்த மகரந்தத்தை அது நக்கினாலோ, பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலோ, ஓரிரு நாளில் சிறுநீரகம் செயலிழந்துவிடக்கூடும். அந்தப் பூங்கொத்தை எவர் அன்போடு தந்தாலும் வாசலுக்குள் எடுத்துவராதீர்கள். சைக்காஸ் செடியும் கொடியது. அதன் விதை கல்லீரலை அழித்துவிடும்.

பச்சை வேண்டும் என்றால், இங்கே மழைமரக் கிளைகளில் தொற்றி வளர்கிறதே, அந்தப் பறவைக்கூட்டுப் பெரணி நல்ல தேர்வு. அரேக்கா பனை, கலாத்தியா, ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் ஆகியவையும் பூனைக்கு நஞ்சல்ல. கடிப்பதற்கென்றே ஒன்று தர விரும்பினால், லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்காவில் ஒரு பொட்டலம் முழுக்கோதுமை வாங்கி, இரவு ஊறவைத்து, முளைப்பாரி போடுவதுபோல் ஒரு தட்டு மண்ணில் தூவிவிடுங்கள். ஒரு வாரத்தில் கொறிக்கும் அளவுக்குப் புல் வளர்ந்துவிடும்.

புக்கிட் பாத்தோக் எழுதியது:

கொடியை வீட்டுக்கு வெளியே நடைவழியில் வைக்க நினைத்தால், தீப்பாதுகாப்புக்காக 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி தடையின்றி இருக்க வேண்டும் என்பதையும், மதில்விளிம்பில் தொட்டி வைக்கக்கூடாது என்பதையும் கவனியுங்கள். கதவு திறக்கும்போது பூனை வெளியே ஓடிவிடும் பழக்கமுடையது என்றால், அந்த இடமும் உதவாது.

தெம்பனிஸ்வாசி மீண்டும் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரவு உணவையும் பாதியில் விட்டதால் மருத்துவரிடம் கொண்டுசென்றோம். நாக்கின் அடியில் சிவந்த புள்ளி ஒன்று மட்டும் இருப்பதாகவும், இரண்டு நாள் மென்மையான உணவு கொடுத்தால் ஆறிவிடும் என்றும் சொன்னார். மறுநாள் முதல் முழுதாக உண்கிறது. சேனைக்கிழங்கு விளக்கத்தைக் கேட்டதும், "நாக்கு அப்படி அரிச்சா பாவம், அது யாருகிட்ட போய்ச் சொல்லும்?" என்றார் மாமியார். பிறகு அவரே கொடியைக் கணுக்கணுவாக வெட்டி, ஐந்து பாட்டில்களில் போட்டு, பூனையில்லாத அண்டைவீட்டாருக்குக் கொடுத்துவிட்டார். கொசு முட்டையிடாமலிருக்க ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரை மாற்றும்படியும் ஒவ்வொருவரிடமும் சொல்லிவந்தார். கொடி இருந்த சன்னலோரத்தில் இப்போது கோதுமைத் தட்டு இருக்கிறது. இன்று இரண்டாம் நாள். முளைகள் வெள்ளையாகத் தலைகாட்டியிருக்கின்றன.