வெண்ட்கெ பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? அக்குளில் வைத்த ஒட்டுத்துணி மனதைவிட்டுப் போகவில்லை

வடகடல்:
வெண்ட்கெ என்பது நெதர்லாந்தின் ஹின்டலோப்பன் ஊர்ப் பெண்களின் நீள மேலங்கி, நம் கரையிலிருந்து போன சீட்டித் துணியில் (பூப்போட்ட பருத்தி) கையால் தைத்தது. இங்கே பலருக்குத் தெரிந்ததுதான், வரலாற்றுக்குள் போகவில்லை. போன மாதம் அந்த ஊர் இருக்கும் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் ஒன்றைக் கிட்டத்தில் பார்த்தேன். 18ஆம் நூற்றாண்டு உடுப்பு, வெள்ளைத் துணியில் சிவப்புப் பூ, முன்பக்கம் முழுக்கத் திறப்பு. எல்லோரும் பூவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் கண் அக்குளுக்குப் போனது. அங்கே துணி போதாமல் இரண்டு விரல் அகலத்துக்கு வேறு துண்டு வைத்துத் தைத்திருக்கிறார்கள். பெரிய துணியில் ஓடிவந்த கொடி தையலில் முடிகிறது. துண்டில் இருக்கும் கொடி சரியாக அதே புள்ளியில் தொடங்குகிறது. கையைத் தூக்கினால் ஒழிய யார் கண்ணிலும் படாத இடம். அதற்காக மிச்சத் துணியை எல்லாம் விரித்துப்போட்டு, பொருந்துகிற கொடியை ஒருத்தி தேடியிருக்கிறாள்! கப்பல் கேப்டன் வீட்டுப் பெண்கள், காசுக்குப் பஞ்சமில்லாதவர்கள். ஒரு அச்சுத் துணியை இவ்வளவு மதித்திருக்கிறார்கள். வேறு யாராவது இப்படி ஒட்டு வைத்ததைப் பார்த்தீர்களா?

கடுக்காய்:
அச்சுத் துணி என்று நீங்கள் எழுதியதை ஏற்க முடியவில்லை, மன்னியுங்கள். அந்தக் காலத்து நல்ல சீட்டியில் பெரும்பகுதி கலம் என்ற மூங்கில் பேனாவைப் பிடித்துக் கையால் வரைந்தது. கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்திருந்தால் அது கை. அடுத்தமுறை அதைப் பாருங்கள்.

நான் வெண்ட்கெ பார்த்ததில்லை. காளஹஸ்தியில் ஒரு பெரியவர் வரைவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். துணி கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறிக் காய்ந்தது, அறை முழுக்க அந்த வாடை. இரும்புத் துருவையும் வெல்லத்தையும் புளிக்கவைத்த தண்ணீரில் மூங்கில் கலத்தைத் தோய்த்தார். சட்டியில் அது வெறும் பழுப்புத் தண்ணீர். துணியில் பட்டதும் கண்ணெதிரே கறுத்தது. அவர் கை நடுங்கவே இல்லை, அழித்துத் திருத்தவும் வழியில்லை. இந்த வேலையைப் பார்த்தபிறகு ‘அச்சு’ என்று யாராவது சொன்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

ஸ்கார்பரோ_தாரணி:
டொராண்டோவில் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்தில் 2020இல் இந்தியச் சீட்டிக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தார்கள். அப்போது முகக்கவசத்தோடு போனோம். அம்மா ஒரு படுக்கை விரிப்பின் முன்னால் நின்று, ‘இலை ஏன் நீலமா இருக்கு, பச்சை மறந்துபோச்சா?’ என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடினேன். அவுரி நீலத்தின்மேல் மஞ்சளைப் பூசித்தான் பச்சை வரவழைப்பார்களாம். வெளிச்சத்தில் மஞ்சள் போய்விடும், நீலம் நிற்கும். சாயவேர்ச் சிவப்புக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அம்மா இப்போதும் பழைய துணி எதைப் பார்த்தாலும் இலையைத்தான் முதலில் பார்க்கிறார்.

பழவேற்காட்டான்:
‘நம் கரை’ என்று எல்லோரும் சொந்தம் கொண்டாடுவதற்கு முன்னால் ஒன்று. சோழமண்டலக் கரை என்றால் மசூலிப்பட்டினமும் சேர்ந்ததுதான். ஒரு தனி உடுப்பைப் பார்த்து இது தமிழ்க் கை, இது தெலுங்குக் கை என்று சொல்ல முடியாது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டை கட்டினார்கள், 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். துணி வாங்கிய ஊர் வேறு, வரைந்த ஊர் வேறு.

அப்புறம், ஹின்டலோப்பன் பெண்கள்தான் மதித்தார்கள் என்பதும் பாதிக் கதை. பிரான்சு 1686இல் சீட்டிக்குத் தடை போட்டது. லண்டனில் 1719இல் நெசவாளர்கள் தெருவில் போன பெண்களின் உடம்பிலிருந்தே சீட்டி உடுப்பைக் கிழித்தார்கள், 1721இல் அங்கே சட்டமும் வந்தது. நெதர்லாந்தில் அப்படித் தடை வரவில்லை. பயமில்லாமல் உடுத்தினார்கள், பேத்திக்கும் எடுத்து வைத்தார்கள். எங்கள் ஊர் டச்சுக் கல்லறையில் நின்று ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது ஒரு சிறுமி கேட்டாள்: ‘அப்ப நம்ம ஊர்ல ஒரு துணிகூட மிச்சமில்லையா அண்ணா?’ அந்தக் கேள்விதான் இன்னும் உறுத்துகிறது.

லேவார்டன்_மருமகள்:
நான் ஃப்ரீஸ்லாந்தில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். பழைய உடை 19ஆம் நூற்றாண்டோடு வழக்கத்திலிருந்து போய்விட்டாலும், விழாவுக்குப் புதிதாகத் தைத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மா தான் தைத்த இரண்டைக் கட்டிலில் விரித்துக் காட்டினார். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளையில் நீலப் பூ. நீலம் அவ்வளவு அழகு. போட்டுப் பார்க்கலாமா என்று கையில் எடுத்தேன். அவர் முகம் மாறிவிட்டது. நீலமும் வெள்ளையும் துக்கத்துக்காம். ‘உன் புருஷன் நல்லா இருக்கானே’ என்று சொல்லி மெதுவாக வாங்கி மடித்து வைத்தார். வெள்ளைச் சேலையைத் தொட்டால் என் பாட்டி என்ன சொல்வாரோ, அதே பதற்றம்.

சிவப்பைப் போட்டுவிட்டார். முதுகில் அத்தனை மடிப்பையும் ஊசியால் ஒவ்வொன்றாகப் பிடித்திருந்தார், கனம் தோளில் நன்றாகத் தெரிந்தது.

பெட்டிச்சாவி:
என் கதை சின்னது. பாட்டியின் சீட்டிப் பாவாடை ஒன்று டிரங்குப் பெட்டியில் இருந்தது. விரித்தபோது பூ அப்படியே இருக்க, கறுப்புக் கோடு ஓடிய இடமெல்லாம் துணி இற்றுப்போய்ச் சல்லடையாக இருந்தது. கடுக்காய் சொன்ன அந்த இரும்புத் தண்ணீர்தான் காரணம், காலப்போக்கில் நூலையே தின்றுவிடும்.

இதனால் சொல்கிறேன், வீட்டில் பழைய துணி வைத்திருப்பவர்கள் கேளுங்கள். துவைக்கவே வேண்டாம். தண்ணீர் பட்டால் இற்ற நூல் கையோடு வரும். கஞ்சி போட்டு வைக்காதீர்கள், கஞ்சிக்குத்தான் வெள்ளிப்பூச்சி வரும். ஹேங்கரில் மாட்டாதீர்கள், தன் கனத்திலேயே தோள் கிழியும். பிளாஸ்டிக் உறை கூடாது, ஈரம் உள்ளேயே நிற்கும். அட்டைக் குழாயின்மேல் பலமுறை துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றி, அதன்மேல் சேலையையோ பாவாடையையோ தளர்வாகச் சுருட்டுங்கள். மடித்தே ஆகவேண்டும் என்றால் சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். வெயிலில் உலர்த்துவது நம் பழக்கம், சாயத்துக்கு அதுதான் எமன். அருங்காட்சியகத்தில் இருட்டாக இருக்கிறது என்று குறைப்படுகிறோமே, வெளிச்சத்தை 50 லக்ஸுக்குமேல் (லக்ஸ் வெளிச்சத்தின் அளவு) விடக்கூடாது என்பதால்தான். பூச்சி உருண்டை துணியில் படவே கூடாது. வசம்பு வைப்பதானால் சின்னத் துணிப் பையில் கட்டி மூலையில் வையுங்கள்.

வடகடல்:
நன்றி, ஆனால் என்னிடம் பழைய துணி எதுவும் இல்லை! கடுக்காய், நான் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு தடித்து மெலிகிறது, கலம்தான். அச்சு என்று எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். ஒட்டு வைத்த துண்டிலும் கறுப்புக் கோட்டோரம் லேசாக இற்றிருக்கிறது. மருமகள், அந்த அம்மா மிச்சத் துணியை எங்கே வைத்திருக்கிறார், என்ன செய்கிறார் என்று கேட்டுச் சொல்ல முடியுமா?