நாம பேச பேச தெரபிஸ்ட் என்ன கத்துக்கிறாங்க?

கேள்வி (மலேசியா, பட்டர்வொர்த்லருந்து): ஆறு மாசமா கவுன்சலிங் போறேன், நான்தான் ஃபுல்லா பேசறேன், நம்மகிட்டருந்து அவங்க ஏதாச்சும் கத்துக்கிறாங்களா?

பதில் 1: கண்டிப்பா தங்கச்சி. இந்த வைத்தியத்துக்குப் பேர் வச்சதே ஒரு பேஷண்ட்தான். 1880கள்ல வியன்னால பெர்த்தா பாப்பன்ஹைம்னு ஒரு பொண்ணு டாக்டர் ப்ராயர்கிட்ட மனசுல உள்ளத பேசிப்பேசி, அதுக்கு 'பேச்சு வைத்தியம்'னு சொன்னாங்க, அப்புறம் இன்னொரு பேஷண்ட் டாக்டர் ஃப்ராய்டுகிட்ட, சும்மா கேள்வி கேக்காதீங்க, என்னைய சொல்ல விடுங்கன்னாங்க, அவரும் சொல்ல விட்டுட்டாரு.

பதில் 2: நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல கவுன்சலர். ஒரு பாட்டி 'நெஞ்சு அடைக்குது'ன்னாங்க, நான் டிப்ரெஷன்னு எழுதப் போயிட்டேன், பொறுமையா கேட்டா எஸ்டேட் வீட்ட காலி பண்ணி ஃப்ளாட்டுக்கு வந்ததுலேருந்து பேச ஆளே இல்லையாம். இப்பல்லாம் பேனாவ கீழ வச்சிட்டுத்தான் கேக்கறேன்.

கேட்டவர்: நன்றிக்கா, அடுத்த செஷன்ல அவங்ககிட்டயே கேக்கறேன்.