ஃப்ளிக்கர், ஸ்மக்மக், கூகுள் போட்டோஸ், பிக்ஸிசெட்: படங்களை எங்கே ஏற்றுவது?

அரைநொடி:

வணக்கம் நண்பர்களே. இத்தனை நாள் ஹார்டு டிஸ்க்கே கதி என்று ஓட்டிவிட்டேன். டிஸ்க்குகள் பெருகப் பெருக எதில் என்ன கிடக்கிறது என்பது எனக்கே தெரியாமல் போய்விட்டது, அதனால் இனி ஆன்லைனில் ஏதாவது ஒரு சேவைக்குப் பணம் கட்டிவிடலாம் என்று இருக்கிறேன். எந்தச் சேவை என்பதில்தான் குழப்பம்.

ஆசைக்கு எடுப்பது பறவைகளும் தெருக்காட்சிகளும். காசுக்கு எடுப்பது திருமணம், குழந்தைகள், அதுவும் வார இறுதிகளில் மட்டும். எல்லாமே ரா (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூல ஃபைல்). படங்கள் பத்திரமாக இருக்க வேண்டும், நாலு பேர் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும், கிளையண்ட்டுக்கு லிங்க் அனுப்பினால் அவர் போனிலேயே திறந்து பிடித்த படங்களைக் குறிக்க வேண்டும், முடிந்தால் பிரிண்ட்டும் விற்க வேண்டும். ஒப்பீட்டுக் கட்டுரைகளைப் படித்துப் பார்த்தேன். பெரிய அட்டவணை ஒன்றைப் போட்டு, எல்லாவற்றுக்கும் நாலரை நட்சத்திரம் கொடுத்து, கீழே 'இந்த லிங்க் வழியாக வாங்குங்கள்' என்று முடித்துவிடுகிறார்கள். நிஜமாகப் பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள். இவ்வளவையும் ஒரே இடம் செய்யுமா?

பழைய நெகடிவ்:

செய்யாது. செய்வதாகச் சொல்லும் இடங்களும் ஏதாவது ஒன்றில் கோட்டை விடும். பத்திரப்படுத்துவது, காட்டுவது, கிளையண்ட்டிடம் ஒப்படைப்பது, இவை மூன்றும் வேறு வேறு வேலைகள். ஒரே கட்டணத்தில் மூன்றையும் முடிக்கப் பார்த்தால் மூன்றிலும் குறை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

காட்டுவதற்கு என் ஓட்டு ஃப்ளிக்கருக்கு. அது செத்துப் பல வருடமாகிவிட்டது என்பார்கள், நம்பாதீர்கள். 2004-இல் தொடங்கியது, அடுத்த ஆண்டே யாஹூ வாங்கியது, 2013-இல் எல்லாருக்கும் 1 டெராபைட் இலவசம் என்று அள்ளிக் கொடுத்தார்கள், 2018-இல் ஸ்மக்மக் கைக்கு வந்தது. வந்த கையோடு இலவசக் கணக்குக்கு 1000 படம்தான் என்று வரம்பு வைத்து, 2019-இல் அதற்கு மேல் இருந்தவற்றை நீக்கவும் தொடங்கினார்கள். 2022-இல் இன்னொரு பிடி: இலவசக் கணக்கில் பிறர் பார்க்க முடியாத படங்கள் 50-க்கு மேல் கூடாது. இதற்காகத் திட்டுகிறவர்கள் ஏராளம். எனக்கு வருத்தமில்லை, யாராவது பணம் கட்டாமல் சர்வர் ஓடாது. கட்டணக் கணக்கான புரோவுக்குப் பணம் கட்டினால் எண்ணிக்கைக்கு வரம்பில்லை, ஒரு படம் 200 எம்பி வரை போகலாம், ஏற்றிய ஒரிஜினல் அப்படியே இருக்கும். பறவை எடுப்பவருக்கு அங்கே உள்ள குழுக்கள் பெரிய வரம். மீன்கொத்திக்கென்று தனிக் குழு இருக்கும், ஒரே ஒரு லென்ஸுக்கென்று தனிக் குழு இருக்கும், அங்கே போய் எக்ஸிஃப் விவரத்தை (கேமரா படத்துக்குள் எழுதிவைக்கும் தகவல்) திறந்து யார் எந்த ஷட்டர் வேகத்தில் எந்த ஐஎஸ்ஓவில் எடுத்திருக்கிறார்கள் என்று ஒரு மணி நேரம் பார்த்தால் லென்ஸ் விமர்சனங்கள் எதையும் படிக்க வேண்டியதில்லை. ஆனால் ரா ஃபைலை அது வாங்கவே வாங்காது, டிஃப் (தரம் குறையாமல் சேமிக்கும் பட வடிவம்) கொடுத்தால் ஜேபெக்காக மாற்றிவிடும். ஆக, பத்திரப்படுத்தும் வேலைக்கு அது ஆகாது.

500பிஎக்ஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009-இல் தொடங்கிக் கொஞ்ச காலம் ஃப்ளிக்கரை விட அழகாக இருந்தது. 2018-இல் சீனாவின் விஷுவல் சைனா குரூப் வாங்கியது, அதே ஆண்டு சொந்தச் சந்தையை மூடிவிட்டுப் பட விற்பனையை கெட்டி இமேஜஸ் என்ற பட விற்பனை நிறுவனத்தின் பக்கம் திருப்பினார்கள், பிறர் இலவசமாகப் பயன்படுத்த விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தையும் எடுத்துவிட்டார்கள். இப்போதும் பளபளப்பான படங்களைப் பார்க்கலாம். கருத்து எதிர்பார்த்துப் போனால் 'அருமை, என் பக்கத்துக்கும் வாருங்கள்' என்பதுதான் கிடைக்கும்.

ஸ்மக்மக் வேறு ரகம். 2002 முதல் இருக்கிறது, இலவசக் கணக்கே கிடையாது, 14 நாள் சோதித்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஜேபெக் எத்தனை வேண்டுமானாலும் ஏற்றலாம், சொந்த டொமைன் வைக்கலாம், கேலரிக்குப் பாஸ்வேர்டு போடலாம், பிரிண்ட் விற்கலாம். ஆனால் ரா வைக்க 'சோர்ஸ்' என்று ஒரு தனிச் சேவை, அதற்கு இடத்தின் அளவைப் பொறுத்துத் தனிக் கட்டணம். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 'அன்லிமிடெட்' என்று பார்த்ததும் ரா-வும் சேர்த்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கைபேசி ரசிகன்:

எதற்கு இவ்வளவு பெரிய கதை? கூகுள் போட்டோஸில் போட்டுவிட்டுப் போங்கள் ப்ரோ. ரா-வும் ஏறும், 'சிவப்புக் குடை' என்று தேடினால் சிவப்புக் குடை வரும், முகத்தை வைத்து ஆளைப் பிரிக்கும், லிங்க் அனுப்பினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தேடலில் வேறு எதுவும் அதன் கிட்டே வர முடியாது.

பழைய நெகடிவ்:

தேடல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதில் மறுபேச்சில்லை. ஆனால் 2015-இல் வரம்பில்லா இலவசம் என்று வந்தது 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு நின்றுபோனதை மறந்துவிட வேண்டாம். இப்போது இருக்கும் 15 ஜிபியையும் ஜிமெயிலும் டிரைவும் பங்கு போட்டுக்கொள்கின்றன. இடத்தை மிச்சப்படுத்தும் முறையில் ஏற்றினால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படத்தைச் சுருக்கிவிடும், 45 மெகாபிக்சல் கேமரா வைத்திருப்பவர் கவனிக்காமல் விட்டால் அவ்வளவுதான்.

வெளியே எடுக்கும் நாளில்தான் அதன் குணம் தெரியும். கூகுளின் மொத்தத் தரவிறக்க வசதியான டேக்அவுட் கொடுத்தால் ஜிப் ஜிப்பாக வந்து இறங்கும். பிரித்தால் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு ஜேசன் ஃபைல் (விவரங்களை எழுத்தாக வைத்திருக்கும் ஃபைல்) இருக்கும். கேமரா எழுதிய எக்ஸிஃப் படத்துக்குள்ளேயே இருக்கிறது, அதற்குச் சேதமில்லை. ஆனால் நீங்கள் அங்கே உட்கார்ந்து திருத்திய தேதி, எழுதிய குறிப்பு, சேர்த்த இடம் எல்லாம் அந்த ஜேசனில்தான் இருக்கும். படத்தை மட்டும் எடுத்து லைட்ரூம் என்ற படத் திருத்த மென்பொருளில் போட்டால், ஸ்கேன் செய்த தாத்தா பாட்டி படமெல்லாம் ஸ்கேன் செய்த வருடத்தில் போய் நிற்கும். எக்ஸிஃப்டூல் என்ற கருவியை வைத்து இரண்டையும் சேர்க்கலாம், கட்டளை எழுதத் தெரிந்தவருக்கு ஒரு மாலை வேலை, தெரியாதவருக்குத் தலைவலி.

ஃப்ளிக்கரும் சளைத்ததில்லை. மொத்தமாகத் தரவிறக்கினால் ஃபைல் பெயரோடு நீளமாக ஒரு எண் ஒட்டிக்கொண்டு வரும், விவரங்கள் தனி ஜேசனில் வரும். அதனால்தான் சொல்கிறேன், எந்தச் சேவையானாலும் தலைப்பு, குறிச்சொல், காப்புரிமை வரி எல்லாவற்றையும் லைட்ரூமிலேயே எழுதிப் படத்துக்குள் பதித்துவிட்டு அப்புறம் ஏற்றுங்கள். தளத்தில் போய் எழுதும் ஒவ்வொரு வரியும் அந்தத் தளத்துக்குச் செய்யும் இலவச வேலை.

மணமேடை லென்ஸ்:

கிளையண்ட் பக்கம் மட்டும் நான் சொல்கிறேன், மற்றதைப் பழைய நெகடிவ் அண்ணன் சொல்லிவிட்டார்.

திருமணப் படங்களைக் கூகுள் டிரைவ் ஃபோல்டராக அனுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். அவ்வளவு உழைத்து எடுத்த படத்தை ஆபீஸ் கோப்பு மாதிரி நீட்டினால் அதைப் பார்ப்பவருக்கு என்ன மரியாதை தோன்றும்? பிக்ஸிசெட், பிக்-டைம், ஷூட்ப்ரூஃப் மாதிரி இதற்கென்றே உள்ள சேவைகளைப் பாருங்கள். நான் இருப்பது பிக்ஸிசெட்டில். இலவசத்தில் 3 ஜிபி தருகிறார்கள், எடிட் முடிந்த ஜேபெக்காக ஒரு நிகழ்ச்சியை வைத்துப் பழகிப் பார்க்க அது போதும். இலவசத் திட்டத்தில் பிரிண்ட் விற்றால் 15 சதவீதம் அவர்களுக்குப் போகும்.

இதன் உண்மையான லாபம் தேர்வு செய்யும் இடத்தில் இருக்கிறது. மணப்பெண் போனில் கேலரியைத் திறந்து பிடித்த படங்களில் இதயக் குறியைத் தட்டிக்கொண்டே போவார். முடித்ததும் அந்தப் பட்டியலை ஃபைல் பெயர்களாக நமக்கு எடுத்துக்கொள்ளலாம். அதை அப்படியே லைட்ரூம் கிளாசிக்கில் லைப்ரரி ஃபில்டரில் ஃபைல் பெயர் என்று வைத்து ஒட்டினால் அந்தப் படங்கள் மட்டும் வந்து நிற்கும். ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும், பட்டியலில் எல்லாப் பெயரும் ஜேபிஜி என்று முடியும், உங்கள் கேட்டலாகில் (லைட்ரூமின் படப் பட்டியல்) இருப்பது ரா, அதனால் கடைசி நாலு எழுத்தை நீக்கிவிட்டு ஒட்டுங்கள். இல்லாவிட்டால் ஒன்றும் வராது. 'அந்த மாமா சிரிக்கிற படம், அதற்கு அடுத்தது இல்லை, அதற்கு முந்தையது' என்று வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் வாங்கித் தேடியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

இன்னொன்று. கேலரி எத்தனை நாள் திறந்திருக்கும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். நான் முதலில் இருந்த ஒரு சேவை (பெயர் வேண்டாம்) திட்டங்களை மாற்றியபோது பழைய கேலரிகளை மூடிவிட்டு, திறக்க வேண்டுமானால் மேல் திட்டத்துக்கு மாறு என்றது. கேலரி மூடியது அவர்கள், போன் வந்தது எனக்கு.

அரைநொடி:

ஆகா, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. இரண்டு சந்தேகம். ஒன்று, பணம் கட்டுவதை ஒரு வருடம் நிறுத்தினால் ஏற்றிய படங்கள் என்ன ஆகும்? இரண்டாவது, சோதனைக்கு ஒரு தளத்தில் சில படங்களை ஏற்றினேன், என் கணினியில் பார்க்கும்போது இருந்த நிறம் அங்கே இல்லை, முகமெல்லாம் வெளிறிப்போய்த் தெரிகிறது. தளம் கெடுக்கிறதா?

மணமேடை லென்ஸ்:

இரண்டாவதுக்கு நான் சொல்கிறேன். பெரும்பாலும் நீங்கள் அடோபி ஆர்ஜிபி என்ற அகலமான நிற வரம்பில் எக்ஸ்போர்ட் செய்திருப்பீர்கள். தளம் சிறிய பிரதிகளை உருவாக்கும்போது நிற விவரம் கழன்று போனாலோ, பார்க்கிற செயலி அதை மதிக்காவிட்டாலோ இப்படித்தான் வெளிறும். இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிற வரம்பில் எக்ஸ்போர்ட் செய்து அதே படத்தை மறுபடி ஏற்றிப் பாருங்கள். பிரிண்ட்டுக்கு வேறு வைத்துக்கொள்ளலாம், இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபி தவிர வேறு எதுவும் வேண்டாம்.

பழைய நெகடிவ்:

முதல் சந்தேகத்துக்கு: ஃப்ளிக்கர் புரோ முடிந்தால் கணக்கு இலவசமாக மாறும், வரம்புக்கு மேல் உள்ளவை நீக்கப்படலாம். கூகுளில் இடம் நிரம்பி வழிந்தால் புதிதாக எதுவும் ஏறாது, அப்படியே 2 ஆண்டு கிடந்தால் இருப்பதையே நீக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. மற்றவற்றுக்கு விதிமுறைப் பக்கத்தைப் படியுங்கள், 'காலாவதி', 'நீக்கம்' என்ற இரண்டு சொல்லைத் தேடிப் படித்தாலே போதும், மற்றதெல்லாம் வக்கீல் பேச்சு.

பணம் கட்டிக்கொண்டே இருந்தாலும் தளம் நிலைக்கும் என்று உத்தரவாதமில்லை. கோடக் கேலரி 2012-இல் மூடியது. பிக்காசா வெப் ஆல்பம் 2016-இல் போனது. 2017-இல் போட்டோபக்கெட் பிற தளங்களில் படம் காட்டுவதற்கு ஒரேயடியாகப் பெரிய ஆண்டுக் கட்டணம் வைத்தபோது, வருடக்கணக்கில் மன்றங்களில் சேர்ந்திருந்த செய்முறைப் பதிவுகளெல்லாம் ஒரே வாரத்தில் படம் இல்லாத வெற்றுப் பெட்டிகளாக நின்றன. கார் என்ஜின் பிரிப்பது எப்படி என்று வரி வரியாக எழுதியிருக்கும், ஒரு படம் தெரியாது.

ரா-வுக்கு ஆன்லைன் இடத்தை முதல் பிரதியாக நினைக்காதீர்கள். 24 மெகாபிக்சல் ரா ஒன்று சுமார் 25 முதல் 30 எம்பி, ஒரு திருமணத்தில் 3000 எடுத்தால் 90 ஜிபி பக்கம். அப்லோடு வேகம் 20 எம்பிபிஎஸ் என்றால் 100 ஜிபி ஏற 11 மணி நேரத்துக்கு மேல், அதுவும் நடுவில் இணைப்பு அறுந்து போகாமல் இருந்தால். அதனால் இரண்டு டிஸ்க்கில் இரண்டு பிரதி, மூன்றாவது மட்டும் வெளியே. அந்த மூன்றாவதுக்குக் கேலரித் தளம் எதுவும் தேவையில்லை, பேக்பிளேஸ் மாதிரி வெறும் சேமிப்பிடம் போதும். அமேசான் போட்டோஸ் சில நாடுகளில் ப்ரைம் உறுப்பினர்களுக்கு ரா உட்பட வரம்பில்லாமல் வாங்கிக்கொள்ளும், ஆனால் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று விதி. பறவைப் படங்களுக்குச் சரி, காசு வாங்கி எடுத்த திருமணத்துக்குக் கூடாது.

வீட்டு சர்வர்:

யாரும் சொல்லவில்லையே என்று சொல்கிறேன், இம்மிச், போட்டோபிரிஸம், பிவிகோ எல்லாம் இலவச மென்பொருள்கள், நம் கணினியிலேயே ஓட்டலாம். இம்மிச்சில் முக அடையாளம், சொல் வைத்துத் தேடுவது, போனிலிருந்து தானாக ஏற்றுவது எல்லாம் உண்டு. நம் ஃபோல்டர் அமைப்பையே தொடாமல் காட்டச் சொல்லவும் வழி இருக்கிறது. டாக்கர் (இவற்றை நிறுவி ஓட்ட உதவும் கருவி) பழக்கமில்லாதவர் இறங்க வேண்டாம். கிளையண்ட்டுக்கு இதிலிருந்து லிங்க் கொடுக்காதீர்கள், வீட்டில் மின்சாரம் போனால் கேலரியும் போகும்.

அரைநொடி:

சரி, முடிவு இப்படி: பறவைகளும் தெருவும் ஃப்ளிக்கர் புரோ. கிளையண்ட்டுக்கு பிக்ஸிசெட் இலவசத் திட்டத்தில் தொடங்கி, போதாதபோது மேலே போகிறேன். ரா-வுக்கு இரண்டு டிஸ்க், வெளியே ஒரு பிரதி. பிரிண்ட் விற்பதை இப்போதைக்குத் தள்ளிவைக்கிறேன். எஸ்ஆர்ஜிபியில் மாற்றி ஏற்றினேன், முகத்துக்கு உயிர் வந்துவிட்டது.

பழைய நெகடிவ்:

நல்லது. மொத்தத்தையும் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு சின்ன ஆல்பத்தை ஏற்றி, அதை அங்கிருந்தே இறக்கி, ஒரிஜினலின் ஃபைல் அளவும் எக்ஸிஃபும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஃப்ளிக்கரில் ஏற்றும்போது உரிமம் எது என்று தானாக விழும் அமைப்பையும், யார் ஒரிஜினலைத் தரவிறக்கலாம் என்ற அமைப்பையும் முதலிலேயே சரி செய்துகொள்ளுங்கள். அப்புறம் கூடு கட்டும் பறவைகளின் படத்தில் ஜிபிஎஸ் இருந்தால் எக்ஸ்போர்ட்டிலேயே நீக்கிவிடுங்கள், இடம் தெரிந்தால் கூட்டத்தோடு போய் நிற்பார்கள்.